பால் சுறாவும் இலவச மருத்துவமும்: ஒரு திட்டம் பலன் தந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் தங்கைக்குப் பிள்ளை பிறந்த மறுநாள் அம்மா இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போய்ப் பால் சுறா வாங்கி வந்தார். மஞ்சள் போட்டு அவித்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் தாராளமாகச் சேர்த்துப் புட்டு செய்து கொடுத்தார். மூன்றாம் நாள் தங்கைக்குப் பால் நன்றாகச் சுரந்தது. "பாத்தியா, சுறாப்புட்டு எப்படி வேலை செய்யுது!" என்றார் அம்மா.

பிரசவமான பெரும்பாலான தாய்மார்களுக்கு இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பால் கூடுவது இயல்பு. அப்படியானால் தங்கைக்குப் பால் வந்தது சுறாவாலா, நாள் கணக்காலா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே தங்கை, அதே மூன்றாம் நாளில், புட்டு சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பது. அது யாராலும் முடியாத காரியம். அம்மாவின் சமையலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அந்தச் சாப்பாடு எவ்வளவு தெம்பு என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஓர் அரசாங்கம் மருத்துவத்தை இலவசமாக்கினால், அது பலன் தந்ததா என்று கண்டறிவதில் உள்ள சிக்கலும் இதேதான். திட்டம் வந்தது, அப்புறம் நிலைமை மாறியது. ஆனால் திட்டம் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இல்லாத உலகத்தை எப்படியாவது கண்முன் கொண்டுவரும் முயற்சிதான் திட்ட மதிப்பீடு. நான் சில ஆண்டுகள் இங்கே வீடு வீடாகப் போய்த் தமிழில் கேள்வி கேட்டு நலவாழ்வுக் கணக்கெடுப்பு எடுத்தவள். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொஞ்சம் அறிவேன். அதனால் இதை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1950இல் சிங்கப்பூரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 80க்கும் மேற்பட்டவை ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு 2 என்ற அளவில் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் தாய்சேய் நல மருந்தகங்கள் பெருகின; தாதிகள் கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளுக்குப் போய்த் தடுப்பூசி போட்டார்கள். இங்குள்ள மகப்பேற்று மருத்துவமனையான கேகே மருத்துவமனையில் 1966இல் மட்டும் ஏறத்தாழ 40,000 பிரசவங்கள் நடந்தன. உலகிலேயே மிக அதிகப் பிரசவம் பார்த்த மருத்துவமனை என்ற சாதனை பல ஆண்டுகள் அதனிடம் இருந்தது. இந்தச் சரிவு முழுவதும் மருந்தகங்களின் வெற்றி என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. அதே ஆண்டுகளில்தான் 1960இல் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி, மக்கள் அத்தாப்புக் கூரை வீடுகளிலிருந்து குழாய்த் தண்ணீரும் கழிவறையும் உள்ள அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு வேலைக்கும் போனார்கள். 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. ஒரு வீட்டில் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. இத்தனையும் சேர்ந்து இழுத்த தேரில் எந்தக் கயிறு எவ்வளவு இழுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரு நாட்டின் முன்-பின் கணக்கை மட்டும் காட்டி ஒரு திட்டத்தைப் புகழ்வதோ பழிப்பதோ சரியல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒன்றில் மட்டும் சந்தேகம் வேண்டாம். கட்டணம் மனிதர்களின் முடிவை மாற்றும் என்று அரசாங்கங்கள் நன்றாகவே நம்புகின்றன. 1970களில் இங்கே 'இரண்டே போதும்' என்ற கொள்கை இருந்தபோது, அரசாங்க மருத்துவமனைகளில் அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்படி வைத்திருந்தார்கள். கட்டணத்தை ஏற்றுவதும் ஒரு கருவி, எடுத்துவிடுவதும் ஒரு கருவி.

கட்டணத்தை முழுவதுமாக எடுத்துவிட்ட ஒரு நாட்டைப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சியரா லியோன். உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஏழை நாடு. 2010 ஏப்ரல் 27ஆம் தேதி, அந்நாட்டின் சுதந்திர நாளில், அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமா ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. வெறும் அறிவிப்போடு நிற்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். சுகாதாரப் பணியாளர்களின் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தினார்கள். பெயர் மட்டும் பட்டியலில் இருந்து ஆள் இல்லாத 'பேய்ப் பணியாளர்களை'க் கண்டுபிடித்து நீக்கினார்கள். யுனிசெஃப் வழியாக மருந்துகளை வரவழைத்தார்கள். கட்டணத்தை மட்டும் நீக்கிவிட்டு மருந்து அலமாரியைக் காலியாக விட்டால், தாய் வெளியே கடையில் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும்?

இந்த இடத்தில் மதிப்பீட்டாளர்கள் முதலில் செய்யும் வேலை, ஒரு சங்கிலியை வரைவது. கட்டணம் போகிறது. செய்தி கிராமத்துக்குப் போய்ச் சேருகிறது. தாய் கிளம்பி வருகிறாள். வந்தால் தாதி இருக்கிறார், மருந்து இருக்கிறது, மரியாதையாக நடத்துகிறார்கள். சரியான சிகிச்சை கிடைக்கிறது. கடைசியில் குழந்தை பிழைக்கிறது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசிக் கண்ணிக்குப் பலன் போய்ச் சேராது. ஆகவே ஒரு மதிப்பீட்டைப் படிக்கும்போது, அது சங்கிலியின் எந்தக் கண்ணியை அளந்தது என்று முதலில் பாருங்கள். 'மருத்துவமனைக்கு வந்தவர்கள் இரட்டிப்பானார்கள்' என்றால் நடுக் கண்ணியை அளந்திருக்கிறார்கள். அது நல்ல செய்திதான். ஆனால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது.

சியரா லியோனில் அந்த நடுக் கண்ணி நன்றாகவே அசைந்தது. 2008இல் எடுத்த தேசிய மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் மருத்துவ நிலையங்களில் பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு 25 பேர்தான். 2013 கணக்கெடுப்பில் 54 ஆனது. 2019இல் 83. சரி, இறப்பு குறைந்ததா? 2008 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு ஆயிரத்துக்கு 140. 2013இல் 156! பேறுகாலத் தாய் இறப்பு உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 857ஆக இருந்தது, 2013இல் 1,165 என்று வந்தது. படித்தவுடன் நெஞ்சு பதறும். இலவச மருத்துவம் தாய்மார்களைக் கொன்றுவிட்டதா?

இல்லை. அவசரப்படாமல் அந்த எண் எப்படி வந்தது என்று பார்ப்போம். பல ஏழை நாடுகளில் இறப்புப் பதிவேடு முழுமையாக இருக்காது. ஆகவே கணக்கெடுப்பாளர்கள் பெண்களிடம் அவர்களுடைய உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். "உங்களுக்கு எத்தனை அக்கா தங்கை? எல்லோரும் இருக்கிறார்களா? இறந்தவர் கர்ப்பமாக இருந்தபோதா, பிரசவத்திலா, பிரசவம் ஆன பிறகா?" இப்படித் திரட்டிய பதில்களிலிருந்து தாய் இறப்பைக் கணக்கிடுகிறார்கள். தாய் இறப்பு எவ்வளவு கொடுமையானதாக இருந்தாலும் எண்ணிக்கையில் அரிது என்பதால், போதிய எண் கிடைக்க, கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படியானால் 2013இன் எண் என்பது 2006இலிருந்து நடந்தவற்றின் கணக்கு. அதில் பாதிக்கு மேல் இலவசத் திட்டம் பிறக்காத காலம்! குழந்தை இறப்பும் அப்படியே. கடந்த ஐந்து ஆண்டுகளைச் சேர்த்த கணக்கு. தவிர, இத்தகைய எண்களுக்கு மேலும் கீழும் அகலமான பிழை எல்லை உண்டு. 857க்கும் 1,165க்கும் உரிய எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஏறியது என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, இறங்கியது என்றும் சொல்ல முடியாது.

நான் கேள்வித்தாளோடு போன நாட்களில் ஒரு மூதாட்டி, இறந்துபோன தன் முதல் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்ததும் சற்று நேரம் எதுவும் சொல்லாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "அதையும் எழுதணுமாம்மா?" என்று கேட்டார். உலகத்தின் எந்த அட்டவணையிலும் வரும் இறப்பு விகிதத்துக்குப் பின்னால் இப்படிச் சொல்லப்பட்ட பதில்களும், சொல்லாமல் விழுங்கப்பட்ட பதில்களும் இருக்கின்றன. சியரா லியோனின் 2008 கணக்கெடுப்பில் இப்படிச் சில இறப்புகள் விடுபட்டு, எண் உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகியிருக்கலாம் என்று பேசும்போது எனக்கு அந்தச் சன்னல்தான் நினைவுக்கு வரும்.

2014இல் எபோலா வந்தது. சியரா லியோனில் ஏறத்தாழ 4,000 உயிர்கள் போயின. மருத்துவமனைக்குப் போகவே மக்கள் அஞ்சினார்கள். ஆக, திட்டத்தின் பலனை அளக்க வேண்டிய ஆண்டுகளிலேயே அதைக் குழப்பும் பேரிடர் புகுந்துவிட்டது. 2019 கணக்கெடுப்பில் குழந்தை இறப்பு 122ஆகவும் தாய் இறப்பு 717ஆகவும் இறங்கியிருந்தது. மனதுக்கு ஆறுதலான எண்கள். ஆனால் அதிலும் எவ்வளவு இந்தத் திட்டத்தால் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சரி, அந்த 'இல்லாத உலகத்தை' எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒப்பிட ஓர் ஆள் வேண்டும். ஒரு பேச்சுக்கு இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் பிரசவத்தை இலவசமாக்கினார்கள்; மருத்துவமனைப் பிரசவம் நூற்றுக்கு 50இலிருந்து 70 ஆனது. பக்கத்து ஊரில் இலவசம் இல்லை. அங்கும் 50இலிருந்து 62 ஆகிவிட்டது, ஏனென்றால் சாலை வந்தது, வருமானம் கூடியது. அப்படியானால் இலவசத்தின் கணக்கில் 20ஐ எழுதக்கூடாது, 8ஐத்தான் எழுத வேண்டும். இரண்டு ஊர்களும் அதுவரை ஒரே வேகத்தில் நடந்துவந்தவை என்றால் இந்தக் கணக்கு நிற்கும். ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்றால் நிற்காது.

சியரா லியோனில் இதற்கும் வழியில்லை. நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து ஊர் என்று ஒன்று மிஞ்சவில்லை. அங்கே ஆய்வாளர்கள் பிடித்த வழி அழகானது. இலவசம் ஐந்து வயது வரைதான். நான்கு வயது பதினோரு மாதக் குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது ஒரு மாதக் குழந்தைக்கு உண்டு. இந்த இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சல் வருவதிலோ, வீட்டின் வசதியிலோ, கிராமத்தின் தூரத்திலோ பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் அந்தக் கோடு மட்டும்தான். கோட்டின் இரு பக்கமும் இருக்கும் குழந்தைகளை ஒப்பிட்டால், கட்டணம் இல்லாததன் பலன் தனியாகத் தெரியும். நம் ஊரிலும் வயது, வருமானம், குடியுரிமை என்று எத்தனையோ கோடுகள் இருக்கின்றன. ஒரே மாத வித்தியாசத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட பிள்ளையின் தாய்க்கு அது வேதனை. ஆய்வாளருக்கு அதுவே விளக்கு.

இன்னொரு வழி, குலுக்கல். ஆப்பிரிக்காவின் கானாவில், ஐந்து வயதுக்குட்பட்ட 2,500க்கும் மேற்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இலவச மருத்துவம், மறு பாதிக்கு வழக்கம்போல் கட்டணம். குலுக்கல் என்பதால் இரண்டு பக்கமும் ஏழை, பணக்காரர், தூரம், பக்கம் எல்லாம் ஏறக்குறையச் சமமாக இருக்கும். முடிவு 2009இல் வெளியானது. இலவசம் பெற்ற குழந்தைகள் மருந்தகத்துக்குக் கூடுதலாகப் போனார்கள். ஆனால் ஆய்வு முக்கியமாக அளந்த இரத்தசோகையில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்போ இலவசம் வீண்' என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறே மாதம் பார்த்த ஆய்வில் இரத்தசோகை ஓர் அளவுகோல் மட்டுமே. கடன் வாங்காமல் பிள்ளையை மருத்துவரிடம் காட்டிய தாயின் நிம்மதி இரத்தச் சோதனையில் தெரியாது. அதே சமயம், கதவைத் திறந்துவிட்டால் போதும், குழந்தை தானாகக் குணமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் அந்த ஆய்வு ஒரு பதில். இந்தியாவில் 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டத்திலும் இதே கதைதான். மருத்துவமனையில் பிரசவித்தால் பணம் தந்தார்கள். நாடு முழுவதும் மருத்துவமனைப் பிரசவம் 2005-06இல் நூற்றுக்கு 39ஆக இருந்தது, 2015-16இல் 79 ஆனது. சிசு இறப்பை அந்தத் திட்டம் எவ்வளவு குறைத்தது என்பதில் மட்டும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வந்த பிறகு என்ன கவனிப்பு கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2005-06இலேயே பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. அங்கே அதே திட்டத்தின் பலனை 'எத்தனை பேர் வந்தார்கள்' என்ற அளவுகோலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஏற இடமே இல்லையே! நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீரை வேறு விதமாகத்தான் அளக்க வேண்டும்.

சிங்கப்பூரின் நிலைமையும் அதுதான். இங்கே பிரசவம் இலவசமில்லை. மானியமும், மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து சேமிக்கும் மெடிசேவும் சேர்ந்து சுமையைக் குறைக்கின்றன. ஆனால் 2020 நவம்பர் 1 முதல், குடிமக்களான குழந்தைகளுக்கு, தேசிய அட்டவணையில் உள்ள தடுப்பூசிகளும் வளர்ச்சிப் பரிசோதனைகளும் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகங்களிலும் முழு மானியத்தோடு கிடைக்கின்றன. அப்போதே சின்னம்மை, சளிக்காய்ச்சல் தடுப்பூசிகளும் அட்டவணையில் சேர்ந்தன. இதை எப்படி எடைபோடுவது? தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படியே கட்டாயம்; பெரும்பாலான குழந்தைகளுக்கு முன்பும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதில் பெரிய ஏற்றத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முன்பு பெற்றோர் தாமே செலவழிக்க வேண்டியிருந்த ஊசிகளில், காலம் தாழ்த்திப் போடும் வீடுகளில், மாதச் சம்பளம் இழுபறியாக இருக்கும் வீடுகளில் தேட வேண்டும். சராசரி என்ற போர்வைக்கு அடியில் இவர்கள் மறைந்துகொள்வார்கள். அந்த 2020 கொவிட் ஆண்டும்கூட. சியரா லியோனுக்கு எபோலா செய்ததை நமக்குக் கொவிட் செய்தது. முன்-பின் கணக்கு இங்கேயும் கலங்கிவிட்டது.

யார் விடுபட்டார்கள் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். எங்கள் புளோக்கிலேயே ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு தமிழ்க் குழந்தைகள் இருக்கின்றன. ஒன்று குடியுரிமை பெற்றது. மற்றொன்றின் பெற்றோர் வேலை அட்டையில் இருப்பவர்கள். அந்த முழு மானியம் அதற்குக் கிடையாது. ஒரு திட்டத்தின் வரம்பை அரசாங்கம் வகுப்பதில் நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் கிருமி அட்டை பார்த்து வருவதில்லை. எல்லோரையும் கணக்கில் சேர்த்து அளந்தால்தான் மதிப்பீடு முழுமையாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

செலவையும் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் செலவை மட்டுமல்ல. கட்டணம் பூஜ்யம் என்றாலும் தாய்க்குச் செலவு பூஜ்யமாகிவிடுவதில்லை. அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தையல் காயம் ஆறாத உடம்போடு பேருந்து ஏற வேண்டும். கட்டணத்தை மட்டும் எடுத்துவிட்டு, இவற்றைக் கேட்காமல் 'ஏன் இன்னும் வரவில்லை' என்று தாய்மேல் பழி போடும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

தங்கை பிள்ளையின் நல ஏட்டை இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம் என்று ஒவ்வொரு ஊசிக்கும் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. அதே விவரம் தேசியத் தடுப்பூசிப் பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது. எந்தக் குழந்தை எந்த நாளில் வந்தது என்று அந்தப் பதிவேட்டைக் கேட்டால் சொல்லிவிடும். வராத குழந்தையின் கட்டம் வெறுமையாக இருக்கும். ஏன் வரவில்லை என்பது அதில் இருக்காது. அதற்கு யாராவது போய்க் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, அந்தத் தாயின் மொழியில் கேட்க வேண்டும்.